உப்புப் பார்ப்பது சாப்பாடு அல்ல

பேகம்பூர் நைனா முகமதுவுக்குக் கோபம் வந்துவிட்டால், பிரியாணித் தேக்சாவுக்கு அடியில் எரியும் விறகை யாராவது ஒருவர் வெளியே இழுத்துப் போட வேண்டும். அவர் திட்டி முடிக்கும்வரை சோறு அடிபிடிக்காமல் இருக்க வேண்டுமே. கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கும் பண்டாரிகளில் திண்டுக்கல்லில் அவரைவிடக் கைப்பக்குவம் உள்ளவர்கள் இருக்கலாம். அவரைவிட வாய் உள்ளவர்கள் கிடையாது. சீரகச் சம்பாவை அழுத்திக் களைந்தவன், வெங்காயத்தை மொத்தமாக நறுக்கியவன், தம் போட்ட மூடியை அவசரப்பட்டுத் தூக்கியவன், "இன்னும் எம்புட்டு நேரம் பாய்?" என்று கேட்டுக்கொண்டு வந்து நின்ற மாப்பிள்ளையின் மாமா என்று எல்லாரும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். திரும்பவும் அவரையே கூப்பிட்டவர்களும் அவர்கள்தான்.

கோபத்தைக் கெட்ட குணம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அத்தா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று வேலை பார்த்தவர். மகனையும் மீசை முளைக்கும் முன்பே அதே தொட்டியில் இறக்கினார். ஒருநாள், தோலைச் சரியாகப் புரட்டவில்லை என்று மேஸ்திரி அத்தாவின் கன்னத்தில் அறைந்தான். அத்தா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். நைனா குனியவில்லை. மேஸ்திரியைத் தொட்டிக்குள் தள்ளிவிட்டு, சுண்ணாம்புக் காலோடு தெருத் தெருவாக ஓடி, ஒரு கல்யாண வீட்டுக் கொல்லையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்களோடு உட்கார்ந்துகொண்டார். அப்படித்தான் பண்டாரி ஆனார். கோபம் வராமல் இருந்திருந்தால் தொட்டியிலேயே கிடந்திருப்பேன் என்று மனைவி சர்புன்னிசாவிடம் அடிக்கடி சொல்வார். அவளுக்கு அதில் மறுப்பில்லை. அந்தக் கோபத்தை வீட்டுக்கும் ஏன் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அவள் கேள்வி.

ஐம்பத்தைந்து வயதுக்குமேல் அவர் முகம் நின்றுபோனது.

வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. முகம் கோணவில்லை, வாய் இழுக்கவில்லை. சிரிப்பும் முறைப்பும் சுளிப்பும் ஒவ்வொன்றாக விலகிப்போய், கடைசியில் இஸ்திரி போட்ட துணி மாதிரி ஒரு முகம் மிஞ்சியது. குரலும் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. பெருங்குரலில் கத்துவதாக நினைத்துக்கொண்டு அவர் கத்துவது, பக்கத்தில் நிற்பவனுக்குக் காதில் ஓதுவது மாதிரி கேட்டது. இடது கை சட்டைப் பித்தானைப் போடவே மறுத்தது. வலது கை சும்மா இருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத பீடியைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் அவரால் தாங்க முடியாதது. ஜும்மா தொழுகை முடிந்து வெளியே வரும்போது பெரியவர்கள் தோளைத் தட்டினார்கள். "நைனா, வயசாக ஆக உனக்கு நல்ல பொறுமை, நல்ல சபூர் வந்துருச்சுப்பா. முன்னெல்லாம் என்னா ஆட்டம் ஆடுவ. அல்லாஹ் மனசைத் திருப்பிட்டான்."

அவர் மனசு திரும்பவில்லை. உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் காட்டுவதற்கு முகம் இல்லை, அவ்வளவுதான். முப்பது வருடமாகப் பயந்துகொண்டிருந்த ஆட்கள், அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கையாளாக இருந்து இப்போது பாதி வேலையைத் தூக்கிச் செய்யும் சதாம், அவர் அக்கா மகன்தான், கல்யாணமாகிக் குழந்தை உள்ளவன், வெங்காயத்தை மொத்தமாக நறுக்கிப் போட்டுவிட்டு, "மாமு ஒண்ணும் சொல்லலையே, அப்பச் சரிதான்" என்றான். மாமு சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கேட்கவில்லை.

சர்புன்னிசா ஒருத்திதான் கண்டுபிடித்தாள். கோபம் வந்தால் அவருடைய காது மடல் சிவந்தது. முகம் கைவிட்ட பிறகு அவள் அவர் காதைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள்.

*

பார்க்கின்சன் என்று மதுரையில் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள் மாத்திரை கேட்டது, மறுநாள் கேட்கவில்லை. அளவைக் கூட்டினார்கள். அப்போதும் அப்படித்தான். நரம்பு டாக்டர் பிரிட்டோ ஒல்லியான மனிதர். நோயாளியின் ஊர்ப்பேச்சிலேயே பேசுவார். அவர்தான் வயிற்றைப் பற்றி முதலில் கேட்டவர்.

"மலச்சிக்கல் எப்ப இருந்து பாய்?"

"அது கெடக்கு பல வருசமா."

"வாசம் தெரியுதா?"

நைனா முகமது அவரை வெறித்தார். முகம் வெறித்த முகமாகத்தான் எப்போதும் இருந்ததால் டாக்டருக்கு வித்தியாசம் தெரியவில்லை. "ஒரு பண்டாரியப் பாத்து வாசம் தெரியுதான்னா கேக்குறீங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். "தப்புத்தான் பாய், மன்னிச்சுக்குங்க" என்று அடுத்த கேள்விக்குப் போனார்.

பிறகு விளக்கினார். மாத்திரை மூளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வேலை செய்யும். வழியில் குடல் இருக்கிறது. எல்லார் குடலிலும் கோடிக்கணக்கான கிருமிகள் உண்டு. பெரும்பாலும் நல்லவைதான். சிலர் குடலில் ஒரு வகைக் கிருமி அதிகமாக இருந்து, மாத்திரையை அங்கேயே தின்று தீர்த்துவிடுகிறது. மூளைக்கு மிச்சம்தான் போகிறது. அவருடைய மலத்தைச் சோதித்ததில் அந்தக் கிருமி ஏராளமாக இருந்தது.

"என் வயித்துலயே குடியிருந்துக்கிட்டு என் மருந்தத் திங்கிறானா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நானோ என்று சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கமான பொடி, கேப்ஸ்யூல் என்கிற சின்னக் குப்பிக்குள் அடைத்து வாய்வழியாக விழுங்குவது. வயிற்றுப் புளிப்பில் கரையாது. குடலுக்குப் போய்த்தான் திறக்கும். திறந்ததும் அந்தக் கிருமியைத் தேடி ஒட்டிக்கொண்டு அதன் வாயை அடைக்கும்.

"கொல்லாதா?"

"கொல்லாது. வாயை மட்டும் கட்டும்."

"ஏன் கொல்லக் கூடாது? என் மருந்தத் திங்கிறவனை வாயைக் கட்டி உக்கார வெச்சு நான் சோறு போடணுமா?"

"அதுக்கு வேற வேலையும் இருக்கு பாய். கொன்னா அதோட நல்லதும் சாகும்."

நைனா முகமதுவுக்கு இதில் சம்மதமில்லை. காது மடல் சிவந்தது. ஆனாலும் சேர்ந்தார். விதிகளைச் சொன்னவள் தமிழ்மதி. வேடசந்தூர்க்காரி, மில் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த ஓர் அம்மாவின் மகள், நர்சுக்குப் படித்து இந்தச் சோதனைக்கான நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவள். குப்பியையும் மாத்திரையையும் வெறும் வயிற்றில் போட வேண்டும். முன்னும் பின்னும் கறி, பருப்பு, பால் கூடாது. அவை மாத்திரையோடு போட்டிபோட்டு வழியை மறிக்கும். தயிர், மோர், நீராகாரம் அறவே கூடாது; அவற்றில் வேறு கிருமிகள் உண்டு, கணக்கு குழம்பிவிடும். நிலையாகக் குணம் தெரியாதவர்களை முதல் கட்டம் முடிந்ததும் விலக்கிவிடுவார்கள். அவ்வப்போது மலம் கொண்டுவர வேண்டும், ஐஸ் வைத்த பெட்டியில்.

அந்தப் பெட்டியோடு மதுரை பஸ்ஸில் போனதைப் பேகம்பூரில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர் மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வெள்ளைப் பெட்டி, இறுக்கமான மூடி, மடியில் கனமாக இருந்தது. கொடைரோடு தாண்டியதும் கண்டக்டர் வந்தார். அவர் கல்யாணத்துக்கும் நைனாதான் பண்டாரி.

"என்ன பாய், மதுரைக்கே பிரியாணி கொண்டு போறீங்களா? அங்க இல்லாததா?"

சர்புன்னிசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சாம்பிள்" என்றார் நைனா முகமது.

"அட, பெரிய ஆர்டரா இருக்கும்போல. எனக்குச் செத்த நேரம் மூடியத் தொறந்து காட்டக் கூடாதா?"

அவர் கண்டக்டரைத் திட்டினார். வாயில் இருந்த அத்தனை கெட்ட வார்த்தைகளையும் போட்டுத் திட்டினார். பஸ் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. முகமும் அமைதியாக இருந்தது. "பாய் எம்புட்டுத் தங்கமான மனுசனா மாறிட்டாரு" என்று பின்சீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டே கண்டக்டர் நகர்ந்தார்.

*

குப்பி போடத் தொடங்கிய பிறகு, ஒரு காலையில் வீட்டு வாசலில் தண்ணீர் லாரிக்காரன் குடங்களை இடித்துக்கொண்டு பின்னால் வந்தான். நைனா முகமது திட்டினார். லாரிக்காரன் பிரேக் போட்டான். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. சர்புன்னிசா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தால், மனுஷன் கையை நீட்டி, தெருவே கேட்கும்படி லாரிக்காரனின் கண் எதற்கு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். சட்டைப் பித்தான்களையும் அவரே போட்டிருந்தார். அவள் உள்ளே போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் குப்பி எந்தக் கடையிலும் கிடைக்காது. சோதனையிலிருந்து எடுத்துவிட்டால் அத்தோடு போயிற்று. அதனால்தான், சமையல் நாட்களில் அவர் மறுபடி கட்டையாகிப்போவதைப் பார்த்து அவளுக்குப் பயம் பிடித்தது. வீட்டில் இருக்கும் நாட்களில் மாத்திரை கேட்டது. கல்யாண வீட்டுக்குப் போன நாட்களில் கேட்கவே இல்லை. போகும்போது நடந்து போனவரைத் திரும்பும்போது சதாம் வண்டியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தான்.

ஒவ்வொரு முறையும் தமிழ்மதி கேட்டாள். "சமையல் அன்னைக்கு வெறும் வயித்துலதான் போட்டீங்களா ஐயா?"

"வெறும் வயிறுதான்."

"ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? கறி, தயிர்?"

"மொதப் பந்தி எந்திரிக்காம பண்டாரி சோத்துல கை வெக்கிறதில்லம்மா. எங்க அத்தா மேல சத்தியமா ஒரு வாய் சாப்பிடல."

பொய் சொல்லும் குடும்பமில்லை. சர்புன்னிசாவும் அதையே சொன்னாள். இன்னும் இரண்டு வருகைதான் பாக்கி, இப்படியே இருந்தால் விலக்கும்படி ஆகிவிடும் என்றார் டாக்டர் பிரிட்டோ. அடுப்புச் சூடா, புகையா, நின்றுகொண்டே இருப்பதா, எது காரணம் என்று ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்லி, தமிழ்மதியை வடமதுரையில் அவர் சமைக்கும் கல்யாண மண்டபத்துக்கு அனுப்பினார்.

மண்டபத்தின் பின்புறம் தகரக் கொட்டகைக்குக் கீழே நான்கு தேக்சாக்கள். ஆண்கள் மட்டும்தான். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தமிழ்மதியைச் சதாம் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தான்.

"அக்கா ஃபுட் ஆபீசரா?"

"ஆஸ்பத்திரி."

"அப்பச் சரி. சாப்பிட்டுட்டு எவனாச்சும் விழுந்தா நீங்க இருக்கீங்க."

நைனா முகமது சொன்ன நேரத்தில் குப்பியையும் மாத்திரையையும் தண்ணீரோடு விழுங்கினார். தமிழ்மதி அருகில் நின்று பார்த்தாள். வெறும் வயிறு. பிறகு அவர் கறி ஊறிக்கொண்டிருந்த அண்டாவுக்குப் போனார். தயிரும் மசாலாவும் இஞ்சி பூண்டுமாக ஊறிய கறியில் இரண்டு விரல்களை விட்டு எடுத்து வாயில் வைத்தார். சப்பினார். விழுங்கினார். உப்புக் கல் கொஞ்சம் போட்டார். மறுபடி இரண்டு விரல். அடுத்த தேக்சாவில் எலும்புச் சாறு கொதித்தது. கரண்டியில் எடுத்து ஊதிக் குடித்தார். பருப்புத் தால்சாவில் ஒரு கரண்டி. மறுபடி கறி. சற்று நேரம் கழித்து மறுபடி சாறு. தமிழ்மதி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். ஒரு ஆள் வயிறாரச் சாப்பிடும் அளவு கறிச்சாறும் தயிரும் அவள் கண்ணெதிரே உள்ளே போய்விட்டது.

"ஐயா, இப்ப என்ன செஞ்சீங்க?"

"உப்புப் பாத்தேன்."

"சாப்பிடலைன்னு சொன்னீங்களே."

"சாப்பிடலையே."

கரண்டிகள் நின்றன. கொட்டகையில் இருந்த அத்தனை ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். அறிவில்லாத கேள்வியைக் கேட்ட குழந்தையைப் பார்ப்பது மாதிரி.

சதாம்தான் எடுத்துச் சொன்னான். "அக்கா, உப்புப் பாக்குறது எப்படிச் சாப்பாடாகும்? நோன்பு வெச்சுக்கிட்டே கஞ்சிக்கு உப்புப் பாப்போம். நாக்கு நுனியில வெச்சுத் துப்பிட்டா நோன்பே முறியாது. நோன்பே முறியாதப்ப உங்க மாத்திரை முறியுமா?"

"இவர் துப்பலையே."

"இப்ப நோன்பு இல்லையே."

தமிழ்மதி எழுந்தாள். மெல்லப் பேசுகிற பெண். அன்று அவள் குரல் உயர்ந்தது. "எத்தனை மாசமா கேக்குறேன் ஐயா. கறி சாப்பிட்டீங்களா, தயிர் சாப்பிட்டீங்களான்னு வர்றப்பல்லாம் கேக்குறேன். அத்தா மேல சத்தியம் பண்றீங்க. அங்க உங்களைச் சோதனையில இருந்து எடுக்கப் பாக்குறாங்க. நான்தான் வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

"நீ சாப்பிட்டீங்களான்னு கேட்ட. உப்புப் பாத்தீங்களான்னு கேட்டியா?"

சண்டை அதோடு முடிந்திருக்கும். சதாம் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "ஆனா ஒண்ணுக்கா, மாமு முன்னெல்லாம் இம்புட்டுப் பாக்க மாட்டாரு. தூரத்துல நின்னு, மூடியத் தூக்குனாலே சொல்லிருவாரு, உப்புக் கூட, புளிப்புக் குறையன்னு. இப்பத்தான் கொஞ்ச வருசமா குடம் குடமாக் குடிக்கிறாரு."

தமிழ்மதி நைனா முகமதுவைப் பார்த்தாள். "ஐயா, உங்களுக்கு வாசம் தெரியலையா?"

அவர் முகத்தில் எதுவும் இல்லை. கரண்டியைச் சதாமின் காலடியில் எறிந்துவிட்டு, சின்னச் சின்ன அடியாக வைத்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். தமிழ்மதி இருந்தவரை திரும்பவில்லை.

*

மதுரையில் டாக்டர் பிரிட்டோவின் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். டாக்டர், தமிழ்மதி, புருஷன், பெண்டாட்டி.

"வாசம் தெரியும்" என்றார் நைனா முகமது. அன்று மாத்திரை கேட்டிருந்ததால் குரல் வந்தது.

"தெரியாது" என்றாள் சர்புன்னிசா.

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"தெரியாது டாக்டர். போன நோன்புக்கு முந்தி, அடுப்புல கருவாடு கரிக்கட்டையாப் போச்சு. நான் மாடியில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன். தெருவே மூக்கைப் பொத்துது. இவரு அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. அதுக்கு முன்னாடியே தெரியும். அத்தர் பாட்டில் உடைஞ்சு சட்டையெல்லாம் கொட்டிருச்சு, தண்ணின்னு நெனைச்சுத் தொடைக்கிறாரு."

"அப்பவே ஏன் சொல்லல?" என்றார் அவர்.

"நீங்க ஏன் சொல்லல?"

"வாசம் தெரியாத பண்டாரிய எவன் கூப்பிடுவான்? கேக்குறேன், எவன் கூப்பிடுவான்? தோல் ஷாப்பு சுண்ணாம்புல போயிருக்கும்னு நெனைச்சேன். புகையில போயிருக்கும்னு நெனைச்சேன். மூக்குத்தான போச்சு, நாக்கு இருக்குன்னு ஓட்டுனேன்."

"சுண்ணாம்பு இல்ல பாய்" என்றார் டாக்டர். "இந்த வியாதியே பல பேருக்கு அப்படித்தான் ஆரம்பிக்குது. கை நடுங்குறதுக்கு எத்தனையோ வருசத்துக்கு முன்னாடி வாசம் போகும், மலம் இறுகும். நான் அன்னைக்குக் கேட்டேன். நீங்க அப்படிச் சொன்னதும் சிரிச்சுட்டு விட்டுட்டேன். மோந்து பாக்கச் சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

நைனா முகமதுவுக்கு இது போதவில்லை. தப்பை ஒத்துக்கொண்ட மனிதரைத் திட்ட முடியாததால் கோபம் இன்னும் ஏறியது.

டாக்டர் விஷயத்துக்கு வந்தார். இதுவரை எடுத்த அளவுகள் அவரைப் பொறுத்தவரை செல்லாது. சோதனையை நடத்தும் கமிட்டியிடம் பேசியிருக்கிறார். புதிதாகத் தொடங்கச் சம்மதித்திருக்கிறார்கள், ஒரே நிபந்தனை. சோதனை முடியும்வரை, சமைக்கும் இடத்தில் நாக்கில் எதையும் வைக்கக் கூடாது. விரல் நுனி அளவும் கூடாது. சமைக்கலாம். உப்புப் பார்க்கக் கூடாது.

"மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல. அப்ப நான் எதை வெச்சுச் சமைக்கிறது? காதை வெச்சா?"

"வேற யாராச்சும் பாக்கட்டும்."

"சதாமா? அவன் வாயில எந்நேரமும் புகையில. அவன் நாக்குல செருப்புத் தெச்சுப் போடலாம்."

"அப்பச் சோதனையில இருந்து விலகிக்கலாம் பாய். யாரும் கட்டாயப்படுத்தல. மாத்திரை தொடர்ந்து கிடைக்கும். குப்பி மட்டும் கிடைக்காது."

 நைனா முகமது தன் வலது கையைப் பார்த்தார். அது இல்லாத பீடியைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றார் டாக்டர். "சேரும்போதே சொன்னதுதான், மறுபடி சொல்றேன். பாதிப் பேருக்கு மருந்துக் குப்பி. பாதிப் பேருக்கு வெறும் மாவுக் குப்பி. பாத்தா ஒரே மாதிரி இருக்கும். உங்களுக்கு எதுன்னு எனக்கே தெரியாது. அடுத்த வருசம் எல்லாம் முடிஞ்ச பெறகுதான் பிரிச்சுப் பாப்பாங்க."

"மாவா?"

"இருக்கலாம்."

"லாரிக்காரனைத் திட்டுனது மாவை முழுங்கிட்டா?"

"இருக்கலாம். மருந்தாவும் இருக்கலாம். வீட்டுல இருந்த அன்னைக்கு நீங்க உப்புப் பாக்கல. அதனாலயே மாத்திரை கேட்டிருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். டாக்டரையும், அவருக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்தவரையும், மாவை அரைத்தவனையும், அதைக் குப்பியில் அடைத்தவனையும் வரிசையாகத் திட்டினார். தமிழ்மதி கதவைச் சாத்தினாள். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் கேட்டார், "வர்றீங்களா, விலகிக்கிறீங்களா?"

"வாரேன்" என்றார் நைனா முகமது. "ஆனா அந்தப் புள்ளைக்குச் சொல்லி வைங்க. இனிமே யாரையும் சாப்பிட்டீங்களான்னு கேக்கக் கூடாது. வாயில என்ன வெச்சீங்கன்னு கேக்கணும். ஊருல எத்தனை பண்டாரி இருக்கான், எத்தனை பேருக்கு இந்தக் கருமம் இருக்கோ."

அன்று பஸ் வாடிப்பட்டியைத் தாண்டியது. அதற்குப் பிறகு சர்புன்னிசா சொன்னாள், "உப்பு நான் பாக்குறேன்."

"பொம்பளை தேக்சாகிட்ட நிக்கிறதா?"

"ஏன், வீட்டுல எதுகிட்ட நிக்கிறேன்?"

*

செம்பட்டியில் ஒரு நிக்காஹ். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குப்பி, மாத்திரை, தண்ணீர், வேறொன்றும் வாயில் இல்லை. சர்புன்னிசா துப்பட்டியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, எலும்புச் சாறு கொதித்த தேக்சாவின் அருகே கரண்டியோடு நின்றாள். சதாம் அவளுக்கு வழி விடாமல் வழி விட்டான்.

"மாமி, கொதிக்குது, மேல தெறிச்சிரும்."

"தெறிச்சா தொடைச்சுக்குறேன். வெங்காயத்தைப் பாருடா. செங்கல்லு மாதிரி நறுக்கியிருக்க."

மணப்பெண்ணின் பெரியத்தா, அவள் அத்தாவுக்கு அண்ணன், வெள்ளைச் சட்டைக்காரர், ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள மனிதர், கொட்டகைக்கு வந்தார். பார்த்ததும் நின்றுவிட்டார்.

"பாய், என்ன இது? பொம்பளையாளு அடுப்புல நிக்கிறாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்தா என்ன சொல்லுவாங்க? வழக்கமில்லாத வழக்கமா இருக்கு. அவங்களை உள்ள போகச் சொல்லுங்க."

நைனா முகமது ஒன்றும் சொல்லவில்லை. பெரியத்தா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எல்லாரையும் போல அவரும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். "உங்க நல்ல குணம் தெரிஞ்சுதான் சொல்றேன். உங்களைப் போல சபூர் உள்ள ஆளு..."

"எவனுக்குய்யா சபூர்?"

கொட்டகைக்கு வெளியே பந்தி நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"எவனுக்குச் சபூர்ங்கிறேன்? பல வருசமா ஊரு பூரா இதையே சொல்லிக்கிட்டுத் திரியுறீங்க. எனக்கு வியாதிய்யா. மூஞ்சி செத்துப்போச்சு. மூக்குச் செத்துப்போச்சு, ஆமா, எனக்கு வாசம் தெரியாது, நல்லாக் கேட்டுக்குங்க, இந்தத் தேக்சாவுல கருகுனாலும் தெரியாது. உப்புப் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டான். என் பெண்டாட்டி பாக்குறா. அவ நிக்கக் கூடாதுன்னா நானும் நிக்கல. இந்தாங்க."

தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெரியத்தாவின் வெள்ளைச் சட்டை மேல் போட்டார். அடுப்பை விட்டு நடந்தார். சின்ன அடிகளாக இல்லை. ஓரளவு வீச்சாகவே நடந்து, வண்டி நின்ற இடம்வரை போய்விட்டார். நான்கு தேக்சாக்களுக்கு அடியிலும் விறகு எரிந்துகொண்டிருந்தது. பெரியத்தா சதாமைப் பார்த்தார். சதாம் வெங்காயத்தைப் பார்த்தான். ஐந்நூறு வாய்க்குச் சோறு ஆக வேண்டும். பெரியத்தா மசாலாக் கறை படிந்த சட்டையோடு வண்டிவரை போய், துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

நைனா முகமது திரும்பி வந்து தேக்சாவின் முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது. சர்புன்னிசா கரண்டியில் சாறு எடுத்து ஊதி, வாயில் வைத்தாள்.

"உப்புப் பத்தல."

"பத்தலையா? அளவாத்தான போட்டேன்."

"பத்தலங்கிறேன்."

"முப்பது வருசமா போடுற அளவு. உனக்கு நாக்கு மரத்துப்போச்சா?"

"அப்ப நீங்களே குடிச்சுப் பாருங்க. குடிங்க. நாளைக்குப் பித்தானை நான் வந்து போட்டுவிடுறேன்."

அவர் உப்புச் சட்டியிலிருந்து ஒரு கை அள்ளினார். கை நடுங்கியது. பாதி தேக்சாவில் விழுந்தது, பாதி மண்ணில். "போதுமா?" என்று கத்தினார். "இப்பப் போதுமா?"

அவள் மறுபடி எடுத்து, ஊதி, வைத்துப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

சதாம் வெங்காயத் தட்டோடு அருகில் வந்து, மாமியின் காதில் சொன்னான். "மாமி, மாமு மூஞ்சியப் பாருங்க. பழையபடி கோபத்துல புருவம் சேந்துருச்சு."

"பாத்துட்டேன்" என்றாள் சர்புன்னிசா. "நீ வெங்காயத்தைச் சின்னதா நறுக்கு. அடுத்து உன்னைத்தான் திட்டுவாரு."